குவாரிக் குட்டைச் சாவி

“ஏன்டா, உங்க குவாரித் தண்ணிக்கு என் கெணத்த விட்டா வேற எடமே தெரியாதா? மலையத் தின்னது பத்தலன்னு கெணத்தையும் குடிக்க வந்துட்டீகளா?”

“ஆத்தா, கத்தாதீங்க. மழை பேஞ்சா தண்ணி பள்ளத்துக்குத்தான் வரும். மேட்டுக்கா ஏறும்?”

“பள்ளத்துல நெலம் வாங்குனது என் தப்பாடா? வந்து பாரு. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி, சிமிண்டுக் கரைசலாக் கெடக்கு. ஒங்க மொதலாளிய வரச்சொல்லி ஒரு சொம்பு குடிச்சுக் காட்டச் சொல்லு. நான் இந்த நெலத்த எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

மொக்கம்மாள் சத்தம் போட்டால் சிலமலை பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் பஸ்தான் வந்துவிட்டது என்று பையைத் தூக்குவார்கள். அவ்வளவு நல்ல குரல். எதிரே நின்று வாங்கிக்கொண்டிருந்தவன் கார்த்தி. குவாரியில் மண் அள்ளும் எந்திரம் ஓட்டுகிறவன். முதலாளி விஜயபாண்டி ஊரில் இல்லாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், குவாரியைப் பார்த்துக்கொள்கிறவனும் அவனே. நான் வீட்டுக்குள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யார் சண்டையிலும் போய் நிற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்ததால் அரிவாள்மனையை வாசலுக்கு எடுத்து வந்தேன், அவ்வளவுதான்.

இது பழைய கதை. நீங்கள் கேட்டது குடிக்கத் தண்ணீர் மட்டும். ஆனால் இந்த மழை விடுகிறவரை உங்களுக்கும் போக்கிடமில்லை. குவாரிக்குப் புதுக் குட்டை வெட்ட இடம் அளக்க வந்த என்ஜினியர் என்கிறீர்கள். பழைய குட்டை உடைந்ததைப் பற்றி அறிக்கையில் படித்திருப்பீர்கள். ‘வழக்கத்துக்கு மாறான கனமழை’ என்று எழுதி முடித்துவிட்டார்களாம். மழைக்கு வக்கீல் வைக்க ஆளில்லை, பாவம். அறிக்கை எழுத வந்தவர்கள் எல்லோரும் நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். என் கையால் காப்பி குடித்தார்கள். யார் யாரை விசாரிக்கலாம் என்று என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டார்கள். என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தெருவில் எந்த வீட்டு உலையில் எவ்வளவு அரிசி என்று தெரிந்தவள் நான். எனக்கு அது மனசில் ஒரு ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் கரட்டுத் தெருவுக்கு மேலே குவாரி. கீழே நாங்கள். இரண்டுக்கும் நடுவில் மொக்கம்மாளும் அவள் புருஷன் சோலைமலையும் வாங்கிய நிலமும் கிணறும். பாதி ஆயுசை மலைமேல் ஏலத்தோட்டத்தில் கூலியாகக் கழித்துவிட்டு, அட்டை கடித்த காலோடு கீழே இறங்கி வந்து வாங்கிய நிலம். அந்தக் கிணறு இருக்கிறவரை அவர்கள் சொந்தமாக வெள்ளாமை செய்கிற சம்சாரிகள். அது போய்விட்டால் மறுபடி அதிகாலை ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேற வேண்டிய கூலிகள். மொக்கம்மாள் அத்தனை சத்தம் போட்டதற்குக் காரணம் அதுதான். நான் அவளைக் குறை சொல்லவில்லை. சண்டைக்கு நியாயமான காரணம் இருந்தால் கேட்கவும் நன்றாக இருக்கும்.

பொட்டிபுரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ துகளைப் பிடிக்க மலையைக் குடையப்போகிறார்கள் என்றபோது சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கொதித்தது. எங்கள் குவாரியிலிருந்து கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற கல்மாவு ஒவ்வொரு மழைக்கும் கரைந்து இறங்கியபோது, கொதித்தது மொக்கம்மாள் ஒருத்திதான். மனு மேல் மனுவாகப் போட்டாள். கடைசியில் ஒரு அதிகாரி வந்தார். குவாரியில் விழுகிற மழைத் தண்ணீர் அப்படியே வெளியே ஓடக்கூடாது, ஒரு குட்டையில் தேங்கவேண்டும், கல்மாவு அடியில் படிந்தபிறகு தெளிந்த தண்ணீர் மட்டும்தான் வெளியே போகலாம் என்றார். விதி அப்படியாம். விதி என்று ஒன்று இத்தனை நாளாக இருந்தது விஜயபாண்டிக்கும் அப்போதுதான் தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

குட்டை வெட்டினார்கள். மண்ணால் கரை. மொக்கம்மாள் பக்கத்துக் கரையில் ஒரு இரும்பு ஷட்டர், அதைத் திருக ஒரு சக்கரம். மழைக்கு முன்னால் ஷட்டரைத் திறந்து குட்டையைக் காலியாக வைக்கவேண்டும். பெய்யும்போது மூடவேண்டும். தெளிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். அதையும் மீறி நிறைந்தால், உபரித் தண்ணீர் வழிந்து மறுபக்கத்து ஓடைக்குப் போக, மேட்டோரத்தில் கல் பாவி ஒரு கலிங்கு. அதிகாரி இதையெல்லாம் விளக்கியபோது ஆம்பளைகள் பின்னால் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்று முழுசாகக் கேட்டவள் நான்தான். மண் கரைமேல் தண்ணீர் ஏறிவிடக் கூடாது, ஏறினால் கரை நிற்காது என்றும் சொன்னார். எனக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் போதும்.

அப்புறம் ஷட்டர்ச் சக்கரத்தைப் பூட்டுகிற சங்கிலியின் சாவி யாரிடம் இருப்பது என்று தகராறு வந்தது. குவாரியிடம் இருந்தால் சகதியோடு திறந்துவிடுவார்கள் என்றாள் மொக்கம்மாள். மொக்கம்மாளிடம் இருந்தால் செத்தாலும் திறக்கமாட்டாள் என்றார் விஜயபாண்டி. “ரெண்டு பக்கமும் சாயாத ஆளு யாராச்சும் இருக்காங்களா?” என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“மகாராணி மதினிகிட்டயே குடுங்க,” என்றாள் மொக்கம்மாள். “அவுகளுக்கு எல்லா வீட்டுலயும் சோலி இருக்கு. எந்த வீட்டுலயும் சொத்து இல்ல.”

பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சாவியை இடுப்பில் செருகியபிறகுதான் ஐயா, நான் மனுஷியானேன். சொன்னால் சிரிப்பீர்கள். போடியில் சிக்கந்தர் பாய் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறவள் நான். பெரிய கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பச்சைக்காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம் என்று பொறுக்கிப் போடுகிற வேலை. கைக்குத்தான் வேலை, வாயும் காதும் சும்மாதான் இருக்கும். அங்கே ஒரே ஒரு காற்றாடிதான் உருப்படியாகச் சுற்றும். அதன் கீழே யார் உட்காருவது என்பது அன்றைக்கு யாரிடம் என்ன சேதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், ஓயாமல் பேசுகிறவள் என்று பெயரெடுத்த எனக்கு இருபது வருஷமாகக் கதவோரம்தான். குட்டை வந்தபிறகு அலிமா தன் பக்கத்தில் சாக்கை விரித்து இடம் பிடித்து வைப்பாள்.

“வாங்கக்கா, நேத்து மொக்கம்மா என்ன சொல்லுச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல.”

சொல்வேன். நடந்ததை நடந்தபடி சொன்னால் கேட்கிறவர்களுக்கு ருசிக்காது என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டுச் சொல்வேன். விஜயபாண்டி சொன்னதை மொக்கம்மாளிடமும், மொக்கம்மாள் சொன்னதை விஜயபாண்டியிடமும் கொண்டுபோகும்போதும் அதே உப்புத்தான். ஒருவருக்குக் குறைத்து ஒருவருக்குக் கூட்டியதில்லை. தீபாவளிக்கு முதலாளி வீட்டிலிருந்து அல்வாப் பொட்டலம் வரும். மொச்சை காய்க்கிற காலத்தில் மொக்கம்மாள் மடி நிறையக் கொண்டுவந்து கொட்டுவாள். ஷட்டரையும் நான் ஒழுங்காகத்தான் திறந்து மூடினேன். கிணற்றுத் தண்ணீர் தெளிந்தது. தெரு முழுக்க அதில்தான் குடித்தது.

நடுவில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். ஒரு சித்திரை மாதம் வேறொரு அதிகாரி சோதனைக்கு வந்தார். குட்டை வறண்டு வெடித்துக் கிடந்தது. வெயில் காலத்தில் வேறு எப்படிக் கிடக்கும். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “குட்டை செயல்பாட்டுலயே இல்லையே, தண்ணி எங்க?” என்றார். விஜயபாண்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சோதனை என்று தகவல் வந்தால் முந்தின நாளே லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து குட்டையை நிரப்பிவிடுவார்கள். அதிகாரி வருவார், தளும்புகிற குட்டையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார், போவார்.

“மழைத்தண்ணி புடிக்கிற குட்டைக்கு லாரித்தண்ணி ஊத்துற கூத்த எங்கயாச்சும் பாத்துருக்கியா மதினி?” என்று மொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “நாளைக்கு மழை வந்தா எங்க போயி நிக்கும்? இவனுக தலையிலயா?”

சோதனை முடிந்ததும் நான் போய் ஷட்டரைத் திறந்து குட்டையை இறக்கிவிடுவேன். அது லாரித் தண்ணீர், தெளிவாக இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை. இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் இல்லை.

கெடுத்தது கார்த்தியும் சூர்யகலாவும்.

சூர்யகலா மொக்கம்மாளின் மகள். போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள். ஆத்தாள் கார்த்தியை நிற்கவைத்துத் திட்டுகிறபோதெல்லாம் இந்தப் பெண் உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். திட்டு வாங்குகிறவனுக்குத் தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், திட்டு வாங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லாத நாட்களிலும் அவன் வந்து நின்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அலிமாவிடம் மட்டும் சொன்னேன். அவள் கூடத்தில் மற்றவர்களுக்குச் சொன்னாள்.

கட்டிக்கொள்ள முறையும் சரியாக இருந்தது. சோலைமலை அண்ணன் அதிகம் பேசாத மனிதர். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, தெருவில் நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். “பய நல்ல பயலாத்தான் தெரியுறான்” என்று ஒரு வார்த்தை சொன்னார். மொக்கம்மாள் ஒரு வாரம் குதித்தாள். அடுத்த வாரம், “கறிக்கொழம்புல எரிப்பு கூடப் போட்டா அந்தப் பய திம்பானா மதினி?” என்று என்னிடம் கேட்டாள். நான் இடுப்புச் சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கார்த்தி முதலாளியிடம் பேசினான். விஜயபாண்டிக்கும் மனுப் போடுகிற மொக்கம்மாளைத் தன் ஆளுக்கு மாமியாராக்கிக் கொள்வது லாபமாகப் பட்டது. குட்டையிலிருந்து ஓடைக்கு நேராக, மொக்கம்மாள் நிலத்தை ஒட்டாமல், பெரிய குழாய் ஒன்று பதித்துத் தருவதாகச் சம்மதித்தார். தெளிந்த தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் ஏறினால் அதுவாகவே வழிந்து போய்விடுமாம். திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். ஐப்பசியில் பரிசம் போடுவது, அதே வாரத்தில் குழாய் பதிப்பது என்று முடிவாயிற்று. வெற்றிலை பாக்கோடு எனக்குச் சொல்ல வந்தவன் கார்த்திதான்.

“இனிமே நீங்க அந்தச் சாவியத் தூக்கிச் சுமக்க வேணாம் அக்கா. வயசான காலத்துல எதுக்குக் கரடு ஏறி எறங்கிக்கிட்டு.”

“நல்ல காரியம்ப்பா,” என்றேன். நல்ல காரியம்தானே.

மறுநாள் கடையில் அலிமா சாக்கை விரித்துக் காத்திருந்தாள். சண்டை தீர்ந்துவிட்டது, கல்யாணம் நடக்கப்போகிறது என்று சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். “மாஷா அல்லாஹ், நல்லா இருக்கட்டும்” என்றாள் அலிமா. கொஞ்ச நேரம் காய் பொறுக்கினோம். பிறகு அவள் மறுபக்கம் திரும்பி, மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்ட தேவாரத்துக்காரி ஒருத்தியிடம், “அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டாள். அடுத்த நாள் காற்றாடிக்குக் கீழே அந்தத் தேவாரத்துக்காரி உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. கதவோரத்திலும் காற்று வரத்தான் செய்யும்.

பரிசத்துக்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள்தான் சோதனை முடிந்திருந்தது. குட்டை லாரித் தண்ணீரால் விளிம்பு வரை நின்றது. கார்த்தி குழாய் லோடு ஏற்றிவரத் தேனிக்குப் போயிருந்தான். மத்தியானம் போன் பண்ணினான்.

“அக்கா, வெரசாப் போயி ஷட்டரத் தெறந்து விட்டுருங்க. நேத்தே தெறந்துருக்கணும், கல்யாண வேலையில மறந்து போச்சு. மலை உச்சி கருத்துக் கெடக்குன்னு சொல்றாங்க.”

“இந்தா கெளம்பிட்டேன்ப்பா,” என்றேன்.

கிளம்பினேன். அதில் பொய் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு கரடு ஏறினேன். குவாரியில் யாரும் இல்லை. பரிசத்துக்கென்று எல்லோருக்கும் விடுமுறை விட்டிருந்தார்கள். மேகம் தலைக்கு மேல் இறங்கி நின்றது. கரையில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நான் அவசரப்பட்டு எதையும் செய்கிறவள் அல்ல.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம்தான். கரை மொக்கம்மாள் பக்கம் ஒரு இடத்தில் தாழ்வாக இருக்கும். இன்றைக்கு மழையில் அந்த வழியாக ஒரு குடம், இரண்டு குடம் சகதி இறங்கிக் கிணற்றைக் கலக்கினால் போதும். மொக்கம்மாள் நாளைக்குப் பரிசத் தட்டைத் தூக்கி எறிவாள். கார்த்தி சமாதானம் பேச வருவான். சூர்யகலா அழுவாள். விஜயபாண்டி முறுக்கிக்கொள்வார். எல்லோரும் என்னிடம்தான் வரவேண்டும். ஒரு மாதம் ஓடும். அப்புறம் நானே முன்னால் நின்று சேர்த்து வைத்திருப்பேன். ஒருவரையும் நிரந்தரமாகப் பிரிக்கிற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

ஷட்டரைத் திறக்கவில்லை. திறக்காமல் விட்டது மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. நிறைந்தால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக மறுபக்கம் ஓடைக்குப் போய்விடும். மொக்கம்மாளுக்கு ஒரு சொட்டும் வராது. விதிப்படி கட்டினால் இதுதான் தொல்லை. கரையோரம் கல்மாவு மூட்டைகள் கிடந்தன. நானும் கூலி வேலை பார்த்த உடம்புதான். இழுத்து வந்து கலிங்கை அடைத்தேன். இடுக்கில் ஒழுகாமல் இருக்கத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைச் செருகினேன். செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்யவேண்டும்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக் காப்பி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்தே பார்க்கலாம். மேலே கரை தெரியும், கீழே கிணறு தெரியும். இன்னும் இருட்டவில்லை. கல்மாவு கரைந்து குட்டை வெள்ளையாகப் பொங்கியது. தண்ணீர் தாழ்வான இடத்தில் மெல்லிய நூல் மாதிரி எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் நான் கேட்டது. அதோடு நின்றிருக்கலாம். மண் கரைக்கு அந்த விவரம் இல்லை. நூல் கயிறாயிற்று. கயிறு வாய்க்காலாயிற்று. அப்புறம் லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். கரை அந்த இடத்தில் இல்லை. ஷட்டரும் சக்கரமும் நான் அடுக்கிய மூட்டைகளும் இருந்த இடம் தெரியாமல் போயின. வெள்ளைச் சகதி வயலை மூடிக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் இறங்கியது. கிணறு விளிம்பு வரை நிறைய அதிக நேரம் ஆகவில்லை.

சோலைமலை அண்ணன் கிணற்றுக்குள் இருந்தார். மோட்டாரை மேலே தூக்கப் போயிருந்தார். கிணற்றில் பாதி ஆழத்தில் ஒரு திட்டு உண்டு. அதன்மேல்தான் மோட்டார் இருக்கும். புது மோட்டார்.

கார்த்தி குழாய் லோடோடு வந்து இறங்கியவன், அப்படியே தன் எந்திரத்தை எடுத்து வந்து தோண்டினான். மாமனாராக வேண்டியவரை அவன்தான் வெளியே எடுத்தான். சகதி காய்ந்து, சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தார். மொக்கம்மாள் சத்தம் போடுவாள் என்று தெருவே காத்திருந்தது. அவள் வாயே திறக்கவில்லை. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது ஒரு மாதிரி ஏமாற்றமாக இருந்தது.

துக்கம் முடிந்து கடைக்குப் போனேன். எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஷட்டரை ஏன் திறக்கவில்லை என்று அலிமா தணிந்த குரலில் கேட்டாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

“கார்த்திதான் போன் பண்ணித் தெறக்க வேணாம்னு சொன்னான். அதிகாரி மறுபடி வர்றாராம், குட்டை நெறஞ்சே இருக்கட்டும்னான். நீ யார்ட்டயும் சொல்லிராத அலிமா, சின்னஞ்சிறுசுக வாழ்க்கை.”

ஊரே லாரித் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருந்தது. நம்புவதற்கு யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் போடியிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு பஸ்ஸும் அதை ஒவ்வொரு ஊருக்குக் கொண்டுபோய் இறக்கியது. நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்து மொக்கம்மாள் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

கார்த்தி என் வாசலுக்கு வந்தான். பின்னாலேயே மொக்கம்மாளும் சூர்யகலாவும்.

“அக்கா, நான் தெறக்கச் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? இவுக முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்கக்கா.”

“நீ என்ன சொன்னியோ அதத்தான்ப்பா நான் செஞ்சேன்,” என்றேன். “எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவ.”

சூர்யகலா அவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். “அத்தை எதுக்குப் பொய் சொல்லணும்?” என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அவன் திரும்பித் தெருவில் இறங்கிப் போனான்.

விஜயபாண்டி மட்டும் என்னைத் தனியாக வந்து பார்த்தார். ஷட்டர் என்று பேச்செடுத்தால் லாரித் தண்ணீரும் வெளியே வரும். அதனால் ஷட்டரைப் பற்றி யாரும் எதுவும் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்றார். கார்த்தியை வேலையிலிருந்து நிறுத்தினார். சாவி என்னிடம் இருந்தது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. காகிதத்தில் ஏறாதது அதிகாரிகளுக்கு உலகத்திலேயே கிடையாது. மிச்சம் மழை ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் எழுதிவிட்டுப் போனார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். மழை பிடித்த கொஞ்ச நேரத்தில், சோலைமலை அண்ணன் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இந்த வழியாகத்தான் ஓடினார். என் வாசலில் நின்றார்.

“தங்கச்சி, குட்டையத் தெறந்து எறக்கியாச்சுல்ல?”

அப்போது நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் நூலாக இல்லை, கயிறாகியிருந்தது. கரையின் அடியிலும் ஒரு இடத்தில் வெள்ளையாகப் பீச்சிக்கொண்டிருந்தது. அவருக்கு முதுகுப் பக்கம் என்பதால் தெரியவில்லை.

“எறக்கிட்டேன்ணே. நீங்க பயப்படாமப் போயி மோட்டாரத் தூக்குங்க,” என்றேன்.

அவர் சிரித்தார். “நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்” என்று சொல்லிவிட்டு, சாக்கை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு குனிந்தபடி ஓடினார். இறக்கவில்லை என்று சொன்னால் ஏன் இறக்கவில்லை என்று கேட்பார். பரிசத்துக்கு முந்தின நாள் மனஸ்தாபம் எதற்கு என்று நினைத்தேன். கிணற்றுக்குள் அவர் தலை மறைகிறவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். காப்பி ஆறிப்போய்விட்டது, உள்ளே போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன்.

மொக்கம்மாள் நிலத்தை விஜயபாண்டியே வாங்கிக்கொண்டார். கிணற்றை மூடிச் சமமாக்கிவிட்டார்கள்; உங்கள் புதுக் குட்டைக்கு அளந்த இடம் அதுதான். கார்த்தி கர்நாடகாப் பக்கம் ஏதோ குவாரியில் இருக்கிறானாம், இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தெருவில் பாதிப் பேர் தண்ணீர் இல்லாமல் போடிக்குக் குடிபோய்விட்டார்கள். சூர்யகலாவைப் பூப்பாறையில் ஜீப்பு ஓட்டுகிற ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறது. மொக்கம்மாளும் மகளோடு மலைக்கே போய்விட்டாள். மறுபடி ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறாள். அலிமாவுக்குத் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். சூர்யகலாவும் மாமியாரும் தாயும் பிள்ளையும் மாதிரி இருக்கிறார்களாம். சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்குப் போய்ச் சேர்ந்தே வருகிறார்களாம். வீட்டில் ஒருவர் குரல் உயர்ந்து இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

அப்படியும் ஒரு வீடு இருக்குமா என்ன. வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் எத்தனை வைத்துக்கொண்டு புழுங்குகிறார்களோ, பாவம், கேட்க ஆளில்லாமல். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. காலையில் முதல் பஸ்ஸில் ஒரு எட்டுப் போய், மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.